பெரிய பிரேக்கின் வரலாறும் பொன்முடி இறக்கமும்

மாலை ஐந்தரை மணிக்குக் கிழக்கேகோட்டையில் எந்த வண்டியும் விரைவதில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருவோரும், காந்தி பூங்காவையொட்டி நிற்கும் நகரப் பேருந்துகளும், சாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டைகளோடு வெளிவரும் சுமைவண்டிகளும் சேர்ந்து எல்லாரையும் ஒரே நடைக்குக் கொண்டுவந்துவிடும். இந்த நெரிசலில் அவ்வப்போது ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் ஊர்ந்து செல்வதைக் காணலாம். சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே சாப்பாட்டுத் தட்டளவு டிஸ்கும், அதைக் கவ்வியிருக்கும் சிவப்புக் காலிப்பரும் தெரியும். மணிக்கு 20 கி.மீ. தாண்டாத அந்த இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. அதே வண்டி விடுமுறை நாளில் நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. சென்று, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடிக்கு ஏறி, 22 கொண்டையூசி வளைவுகளில் திரும்ப இறங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பெரிய பிரேக் எதற்காகப் பிறந்தது என்பதற்கான விடை அந்த இறக்கத்தில் இருக்கிறது. அதன் வரலாற்றை வெப்பத்தைச் சமாளித்ததன் வரலாறாகவே படிக்க வேண்டும்.

கணக்கு எளியது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு செடான் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 580 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பிரேக் பிடித்தவுடன் அந்த ஆற்றல் மறைந்துபோவதில்லை. இரும்பில் சூடாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. சமதளத்தில் ஒருமுறை நிறுத்திய பிறகு காற்று அதை ஆற்றிவிடும். மலையிறக்கத்தில் அப்படியல்ல. அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினாலே 1,470 கிலோஜூல் வெளியேற வேண்டும். 1,000 மீட்டர் இறங்கினால் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்கு ஒப்பாகும். கியரைக் குறைத்து எஞ்சினையே தடையாக்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். நியூட்ரலில் உருட்டிவிட்டால் முழுவதும் நான்கு சக்கரங்களின் தலையில் விழும்.

இங்கே மொழி சற்றுத் தடம் மாற்றுகிறது. தமிழில் பிரேக் ‘பிடிக்கும்’, அல்லது ‘பிடிக்காது’. மலையாளத்திலும் அதே வினைதான்; ‘சவிட்டு’ என்பதும் உண்டு. இரு மொழியும் கலந்து புழங்கும் சாலைக் கடைத்தெருவில் எவரிடம் கேட்டாலும் நல்ல பிரேக் என்பது நன்றாகப் பிடிக்கும் பிரேக். ஆனால் சாலையைப் பிடிப்பது டயர். இன்றைய செடான் எதிலும், தொழிற்சாலையிலிருந்து வந்த பிரேக்கே சக்கரத்தை முழுதாகப் பூட்டிவிடும் வலிமை கொண்டது, ஏ.பி.எஸ். என்ற பூட்டுத்தடுப்பு ஏற்பாடு இருப்பதே அதனால்தான். ஒருமுறை மட்டும் அவசரமாக நிறுத்தும்போது, டிஸ்கைப் பெரிதாக்கியதால் மட்டும் நிற்கும் தூரம் குறைந்துவிடாது. பெரிய டிஸ்க் உதவுவது ஐந்தாவது முறை, பத்தாவது முறை, இருபதாவது முறை நிறுத்தும்போது. ‘பிடிப்பு’ என்ற சொல்லால் இதை விளக்க முடியாது. ‘தாங்குதல்’ என்றால் ஓரளவு பொருந்தும்.

தமிழுக்கென்று பழைய சொல் ஒன்று இருக்கிறது: முட்டுக்கட்டை. தேரின் சக்கரத்தடியில் ஆப்பாக இட்டு, அதைத் திருப்பவும் நிறுத்தவும் உதவும் மரத்துண்டு. இன்று அச்சொல் எந்த முயற்சிக்கும் இடையூறு செய்வதைக் குறிக்கும் வசையாகத் தேய்ந்துவிட்டது. உயிரைப் பணயம் வைத்து ஓடும் சக்கரத்தடியில் கட்டையிடும் தொழிலாளரை அந்த வசை மறந்துவிட்டது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது தமிழ்நாட்டின் ஆகப்பெரிய பிரேக் மேம்பாடு என்று சொன்னால் மிகையாகாது. அதன் பின்னும் முட்டுக்கட்டைக்காரர்கள் தேரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய ஏற்பாடு முழுதாக விடைபெறாமல் புதியதன் அருகே நிற்பது பிரேக்கின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவது.

மோட்டார் வாகனத்துக்கான டிஸ்க் பிரேக்கும் டிரம் பிரேக்கும் ஒரே ஆண்டின் குழந்தைகள். 1902இல் பர்மிங்காம் நகரின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். லான்செஸ்டரின் டிஸ்கில் செம்பு உராய்ந்தது. அதன் கிறீச்சொலியைப் பொறுத்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. டிரம் வென்றது. மூடிய வட்டுக்குள் சேறும் தூசியும் எளிதில் புகாது. ஷூ சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதால் ஓட்டுநரின் கால் வலியும் குறைவு. ‘ஷூ’ என்ற பெயருக்கு ஒரு கிளைக்கதையும் சொல்லலாம். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரைவண்டிக்காரர்கள் பிரேக்கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டி உராயவிட்டதைக் கண்டுதான் ஹெர்பர்ட் ஃபுரூட் 1897இல் பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார் என்பார்கள். அவர் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவியின் முதலெழுத்தையும் சேர்த்து உண்டானதே ‘ஃபெரோடோ’. பின்னர் அத்தொழில் ஆஸ்பெஸ்டாஸை எடுத்துக்கொண்டது. சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை, நுரையீரலைக் கெடுப்பதிலும்தான். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைப் பறக்கவிட்ட பட்டறைத் தொழிலாளர் எத்தனை தலைமுறை அதைச் சுவாசித்தார்கள் என்பதைப் பிரேக்கின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கம்பியாலும் தண்டாலும் இழுத்த பிரேக் நான்கு சக்கரத்திலும் ஒரே அளவில் இயங்குவது அரிது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் தந்தது; திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பள்ளிப்பாடம் அதன் அடிப்படை. ஆனால் டிரம்மின் அடிப்படைக் குறை தீரவில்லை. சூடேறினால் டிரம் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். ஓட்டுநர் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். மிதித்தால் இன்னும் சூடு. டிஸ்க் சூடேறினால் தடித்து, தன்னைக் கவ்வும் பேடை நோக்கியே வரும். இரு பக்கமும் காற்றுக்குத் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். மழைநீர் டிரம்முக்குள் புகுந்தால் உள்ளேயே தங்கும். டிஸ்க் அதைச் சுழன்று உதறிவிடும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் திருவனந்தபுரத்துக்கு இந்தக் கடைசி வேறுபாடு சிறியதல்ல.

விமானத்தின் சக்கரத்தில் வளர்ந்த டிஸ்க் பிரேக்கைக் காருக்குக் கொண்டுவரும் முயற்சியில் 1950களின் தொடக்கத்தில் டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து இறங்கின. பிரேக்குத் திரவம் கொதிப்பது தொடக்கச் சோதனைகளின் பெரும் தொல்லை. 1952 ஜூன் மாதம் பிரான்சின் ரீம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. அடுத்த ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் அதே வகை வண்டியில் சராசரியாக மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் வென்றார்கள். லெ மானில் ஏறத்தாழ 6 கி.மீ. நீண்ட நேர்பாதையின் முடிவில் கூர்மையான வளைவு ஒன்று உண்டு. டிரம் பிரேக் வண்டிகள் இரவெல்லாம் ஓடிய பின் அந்த வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டுநர்கள் கடைசி நேரம் வரை விரைந்து சென்று பிரேக் போட முடிந்தது. வெற்றிக்கு எஞ்சினைவிடப் பிரேக் காரணமாவது மோட்டார் உலகுக்குப் புதிய செய்தி.

அந்தச் செய்திக்குக் கொடிய மறுபக்கம் ஒன்று இரண்டே ஆண்டில் வெளிப்பட்டது. 1955 ஜூன் 11 அன்று அதே லெ மானில் மைக் ஹாதார்ன் ஓட்டிய டிஸ்க் பிரேக் ஜாகுவார், பழுதுபார்ப்புத் திண்ணைக்குத் திரும்ப வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி விலக, அதற்கும் பின்னால் விரைந்து வந்த பியேர் லெவேயின் மெர்சிடிஸ் அதன்மேல் மோதிப் பறந்து பார்வையாளர் கூட்டத்தில் சிதறியது. லெவேயும் 80க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். அந்த மெர்சிடிஸ் டிரம் பிரேக் கொண்டது. பின்புறத்தில் காற்றைத் தடுக்கும் பலகையை எழுப்பி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் அந்த ஆண்டு மெர்சிடிஸ் சேர்த்திருந்தது. பாதை குறுகல், திண்ணைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே தடுப்பின்மை என்று விபத்துக்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. பழியை ஒரு பிரேக்கின் மீதோ ஒரு மனிதர் மீதோ போடுவது நியாயமாகாது. ஆயினும் ஒரே பாதையில் வெவ்வேறு அளவில் நிற்கக்கூடிய வண்டிகள் நெருங்கி ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த மாலை காட்டியது. பிரேக்கைப் பெரிதாக்கிக்கொள்ளும் எவரும் தன் பின்னால் வரும் பேருந்தின் பிரேக்கைப் பெரிதாக்கிவிடவில்லை.

பந்தயத்திலிருந்து வீட்டு வண்டிக்கு வந்த கதைதான் இக்கட்டுரைக்கு நெருங்கியது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். முன்சக்கரங்களில் டிஸ்குடன் வந்தது; ஆனால் அது ஸ்போர்ட்ஸ் செடான் அல்ல. ஜாகுவார் 1957இல் தன் சிறிய சலூன் உடலில் 3.4 லிட்டர் எஞ்சினை ஏற்றியது. நால்வர் அமரும் குடும்ப வண்டி, மணிக்கு 190 கி.மீ. தொடும் வேகம், பிரேக்கோ டிரம். எஞ்சின் வளர்ந்தது, பிரேக் வளரவில்லை. குறை உடனே தெரிந்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் நான்கு சக்கரத்துக்கும் டன்லப் டிஸ்க் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்டே வாங்கினார்கள். 1959இல் வந்த மார்க் 2 சலூனில் டிஸ்க் இயல்பாகவே இருந்தது. ‘பெரிய பிரேக்’ என்று இன்று விற்கப்படுவதன் தாய்வடிவம் இதுவே: கூடுதல் வேகத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அதற்கான தண்டத்தைப் பின்னர் கட்டுவது. எஞ்சினின் கணினியைத் திருத்தி ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் இன்றைய செடான் உரிமையாளரும் அதே வரிசையில்தான் செல்கிறார். முதலில் எஞ்சின், கடைசியில் பிரேக்.

திருவனந்தபுரத்தின் மோட்டார் வரலாறு சற்று வேறான பாதையில் நடந்தது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஈ.ஜி. சால்டரே முதல் பேருந்தை ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தாரும் முதல் பயணிகளாயினர். மறுநாளே கன்னியாகுமரிக்கு முறையான சேவை தொடங்கியது. அடிச்சட்டங்கள் 60 இங்கிலாந்திலிருந்து வந்தன. எஞ்சின் பெர்க்கின்ஸ் டீசல். ஆனால் உடலை இங்குக் கிடைத்த மரத்தைக் கொண்டு இங்குள்ள தொழிலாளரே கட்டினார்கள். ஓரிடத்தில் செய்த இயந்திரத்தை இன்னோர் இடத்தின் சாலைக்கும் கைவினைக்கும் ஏற்பத் தேர்ந்து பொருத்துவது இந்நகரத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொரு சான்று இதற்கு நேர்மாறானது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் 180, ‘சி.ஏ.என். 42’ என்ற பதிவெண்ணோடு பட்டம் அரண்மனையில் பல பத்தாண்டுகள் இருந்தது. 1950களின் அந்தச் செடான் பல லட்சம் மைல் ஓடியது என்பார்கள். அதன் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். ஒரு வண்டி நெடுநாள் நல்லபடி ஓடுவதற்குப் பெரிய பிரேக் முன்நிபந்தனை இல்லை என்பதற்கு இதை மேற்கோள் காட்டலாம். அன்றைய சாலையில் இன்றைய கூட்டமும் வேகமும் இல்லை என்று மறுக்கவும் செய்யலாம். இரண்டும் உண்மை.

பொதுமக்களின் வண்டிகளில் டிரம் இந்தியாவில் இன்னும் நெடுங்காலம் நிலைத்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நான்கு டிரம்மோடு தலைமுறைகளைச் சுமந்தன. ஜாகுவார் டிஸ்குக்கு மாறி ஐந்தே ஆண்டில், 1962இல், டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கெர்லிங்கும் சேர்ந்து சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. ஆனால் மூடிய சந்தையில், மணிக்கு 80 கி.மீ. தாண்டாத வண்டிகளுக்கு, டிஸ்குக்கு அவசரமில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்கள்தாம் சொந்தப் பட்டறையில் பிரேக்கோடு மல்லுக்கட்டினார்கள். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004இல் வந்தபோது டர்போ பெட்ரோல் எஞ்சினும் நான்கு டிஸ்கும் கொண்ட செடான் இந்திய நடுத்தர வர்க்கத்தின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது. பெரிய பிரேக்கைப் பற்றிய ஆசையும் அதோடு சேர்ந்து வந்தது.

இனித் தேர்வு. மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது முன்சக்கரங்கள் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டு வேலையைச் செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முன்டிஸ்கும் சுமார் 200 கிலோஜூல் வாங்குகிறது. 7 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அதனால் 63 பாகை சூடேறும். 10 கிலோ டிஸ்க் 44 பாகை. பத்து முறை இடைவிடாது நிறுத்தினால், காற்று ஆற்றுவதைக் கணக்கில் கொள்ளாதபோது, ஒன்று 630 பாகை ஏறும், மற்றது 440. சாதாரணப் பேடின் உராய்வு நழுவத் தொடங்குவதும் தொடங்காததும் இந்த இடைவெளியில்தான் முடிவாகிறது. டிஸ்கின் விட்டம் கூடும்போது நெம்புதூரமும் கூடுகிறது. அதைவிட முக்கியம் அதன் எடையும், இரு முகங்களுக்கு நடுவே காற்று பாயும் வழிகளும். டிஸ்கில் துளையிட்டிருப்பது அழகு. பழைய லைனிங்கிலிருந்து எழுந்த வாயு வெளியேறவே அத்துளைகள் தோன்றின. இன்றைய பேடில் அந்தத் தொல்லை குறைவு, துளையோரங்களில் விரிசல் விழும் தொல்லை மட்டும் எஞ்சியிருக்கிறது. சாலை வண்டிக்குத் துளையற்ற டிஸ்க், அல்லது மேலோட்டமான கோடுகள் வெட்டிய டிஸ்க் போதும்.

காலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்று எண்ணுவது கடைகளின் வழக்கம். நான்கு, ஆறு என்று விலை ஏறும். கேட்க வேண்டிய கேள்வி பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்பது. மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருக்க, காலிப்பரின் பரப்பு வெகுவாகக் கூடினால், அதை நிரப்ப அதிகத் திரவம் தேவைப்படும். பெடல் ஆழம் போகும். முன்னால் மட்டும் வலிமையைக் கூட்டினால் முன்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டும். பின்சக்கரம் சும்மா இருக்கும். இரண்டும் சேர்ந்து, பெருஞ்செலவு செய்த வண்டி முன்பைவிடச் சற்றுத் தள்ளியே நிற்கவும் கூடும். ஏ.பி.எஸ். கணினியின் கணக்குகள் தொழிற்சாலை அளவுகளை நம்பி எழுதப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. ஆகவே அறிந்தவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது, அதே தளத்தில் அதே நிறுவனம் செய்த உயர்ந்த வகையின் டிஸ்கும் காலிப்பரும். பிரேக்கின் விகிதங்களை ஒரு பொறியாளர் குழு ஏற்கெனவே சோதித்திருக்கும். உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். சக்கரம் இடம் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. 345 மி.மீ. டிஸ்குக்குப் பெரும்பாலும் 18 அங்குல ரிம் வேண்டும்; ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறுகும்; மழைக்குப் பிந்தைய சாலைக்குழிகளில் ரிம் வளையும். ரிம்மின் விட்டம் போதுமாயிருந்தும் ஆரம் காலிப்பரில் இடிப்பதுண்டு. காலிப்பரின் அளவை அட்டையில் வெட்டிச் சக்கரத்துக்குள் வைத்துப் பார்ப்பது பழைய முறை, இன்றும் நம்பத்தக்க முறை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்று அழைக்கப்படும் திரவம். பெயரில் ஆயில் இருந்தாலும் அது எண்ணெயல்ல. கிளைக்கால் சார்ந்த திரவம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையில் கொதிக்க வேண்டும் என்பது விதி; ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 பாகைதான். டாட் 3க்கு 205, 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. பொன்முடி போன்ற இறக்கத்தில் பிரேக் ‘பிடிக்காமல்’ போவதற்கு மலிந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒரு லட்ச ரூபாய்க் காலிப்பராலும் தடுக்க முடியாதது, சில நூறு ரூபாய்த் திரவத்தால் தடுக்கக்கூடியது. கடலோர நகரின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை மாற்றாமல் விடுவது தவறு. நல்ல டயர், புதிய திரவம், சூடு தாங்கும் தரமான பேடு ஆகிய மூன்றையும் மாற்றிப் பார்த்த பின்னும் மலையிறக்கத்தில் பிரேக் தளர்ந்தால் மட்டுமே பெரிய டிஸ்கைப் பற்றி யோசிக்க வேண்டும். பந்தயப் பேடு வேண்டவே வேண்டாம்: சூடேறினால்தான் அது கவ்வும், நெரிசலில் குறுக்கே ஓடும் குழந்தைக்கு முன்னால் அது குளிர்ந்தே இருக்கும்.

பொருத்தும் வேலையில் பொறுமையே பெரிது. ஹப்பின் முகத்தில் படிந்த துருவைச் சுரண்டித் துடைக்காமல் புது டிஸ்கை ஏற்றினால், முடியளவு கோணல் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். மக்கள் அதை ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். அளவுமானி வைத்துச் சுழற்றிப் பார்த்தால் பொருத்தும்போதே தெரிந்துவிடும். பிராக்கெட்டின் போல்ட்டுகளைக் கையனுபவத்தால் இறுக்காமல் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பிரேக் ஹோஸின் இணைப்பில் புதிய செம்பு வாஷர். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசாததைப் பார்க்க வேண்டும். பிறகு காற்றெடுத்தல், ஏ.பி.எஸ். கொண்ட வண்டியில் சிலவற்றுக்குக் கணினியை இணைத்தே அதைச் செய்ய முடியும். கடைசியில் பதப்படுத்தல்: வெறிச்சோடிய சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் பலமுறை வேகம் குறைத்து, பேடின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் பதியவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் பேடின் அச்சு டிஸ்கில் பதிந்துவிடும்.

சட்டம் இவ்வரலாற்றின் அண்மை அத்தியாயம். அது கேரளத்திலிருந்தே எழுந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை மாற்றி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. சோதனை நிறுவனங்கள் ஒப்புதல் அளித்த முன்மாதிரியே அளவுகோல் என்றது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது; பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்று அரசு அறிவித்த உதிரிபாகங்களை விதிக்கு மாறாக விற்பவருக்குத் தண்டனை இன்னும் கடுமை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் நிறமும் இருக்கும், டிஸ்கின் விட்டம் இருக்காது. அதனால் பெரிய டிஸ்க் பொருத்துவது குற்றமா என்ற கேள்விக்குச் சான்றிதழை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது; பிரேக்குகளைப் பற்றிய மத்திய மோட்டார் வாகன விதி 96ஐயும் முன்மாதிரி ஒப்புதலைப் பற்றிய விதி 126ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். சைலன்சரை உடைத்து ஊரைக் கலக்குபவரையும், மலையிறக்கத்துக்கு அஞ்சித் தடையை வலுப்படுத்துபவரையும் ஒரே சொல்லால் ‘மாற்றம் செய்தவர்’ என்று அழைக்கும் சட்டமொழி நுண்மையற்றது. எனினும் பட்டறை தோறும் அவரவர் மனம்போன காலிப்பர் பொருத்தினால் எவர் சோதிப்பது என்ற அரசின் கவலையும் வெற்று அச்சமல்ல. இப்போதைக்குச் செடான் உரிமையாளர் செய்யக்கூடியது, வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வதும், கழற்றிய பழைய டிஸ்கையும் காலிப்பரையும் இரும்புக்கடைக்குப் போடாமல் வைத்திருப்பதும்தான்.